மெட்ராஸ் வீதியில் இரண்டு இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு பயணப் பக்கத்தில் நியூசிலாந்தின் தென்தீவைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன், ஒரு வரியைத் தவிர. கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் அடிபட்ட ஊர், அங்கே பார்க்க ஒன்றுமில்லை, இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் கிளம்பிவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். சிங்கப்பூரிலிருந்து போகும் நம்மவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நானும் என் மனைவியும் அங்கே இரண்டு முறை தங்கியிருக்கிறோம். முதல் முறை 2012 ஜூன் பள்ளி விடுமுறையில். "துக்க வீட்டுக்கு யாராவது சுற்றுலா போவார்களா?" என்று அக்கா கடிந்துகொண்டார். துக்கம் கேட்கப் போனால் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தானே வருவோம், வாசலோடு திரும்புவதுதான் தப்பு என்று நான் வாயடித்தேன். உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது.

அங்கே முதலில் கண்ணில் பட்டவை வீதிப் பெயர்கள். கொழும்பு வீதி, மெட்ராஸ் வீதி! ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். 2011 பிப்ரவரி 22, பகல் 12.51 மணிக்கு ஊர் குலுங்கியது. ரிக்டர் அளவு 6.3தான், ஆனால் ஊருக்கு மிக அருகே, அதிக ஆழமில்லாமல் நேர்ந்துவிட்டது. மாண்டவர்கள் 185 பேர். அவர்களில் 115 பேர் மெட்ராஸ் வீதியில் இருந்த ஒரே கட்டடத்தில் போனவர்கள். ஆங்கிலம் படிக்க வந்திருந்த ஆசிய மாணவர்கள் அதில் நிறைய.

நாங்கள் போனபோது நகரின் நடுப்பகுதி வேலிக்குள் கிடந்தது. ஒரு காலி மனையில் 185 நாற்காலிகளுக்கு வெள்ளையடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி, சாய்வு நாற்காலி, சக்கர நாற்காலி, கைக்குழந்தையைக் காரில் வைத்துக் கட்டும் கூடை. அந்தக் கூடையின் எதிரே என் மனைவி நின்றுவிட்டார். நான் கேமராவைப் பைக்குள் போட்டேன்.

கப்பல் கொள்கலன்களில் கடைகள் நடந்துகொண்டிருந்தன. நாங்கள் சிங்கப்பூர் என்றதும், காப்பி விற்ற பெண்மணி காசு வாங்க மறுத்தார். நிலநடுக்கத்தின்போது பயிற்சிக்காக அங்கிருந்த நம் ஆயுதப் படை வீரர்கள் காவல் பணியில் உதவினார்கள். நம் குடிமைத் தற்காப்புப் படையின் மீட்புக் குழுவும் பறந்து போயிருந்தது. அதை அவர் மறக்கவில்லை. காசு கொடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லி, வற்புறுத்திக் கையில் திணித்தோம்.

இரண்டாம் முறை 2024 டிசம்பரில். ஊர் தேறியிருக்கிறது, முழுதாக அல்ல. நிலநடுக்கத்தில் சேதமான பழைய கல் தேவாலயத்தின் சீரமைப்பு 2020இல் தொடங்கி, பணம் போதாமல் 2024இல்தான் நின்றுபோயிருந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அட்டைக் குழாய்களைக் கொண்டு வடிவமைத்து, 2013இல் தற்காலிகமாகத் திறந்த தேவாலயத்தில் இன்னும் வழிபாடு நடக்கிறது.

என்னை அதிகம் உலுக்கியது ஏவன் ஆற்றங்கரை. நிலநடுக்கத்தில் மணலும் சேறும் பொங்கி, இனி வீடு கட்ட உதவாது என்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமாக ஏறக்குறைய 8,000 வீடுகளை அகற்றிவிட்டார்கள். வீதி இருக்கிறது, வீடு இல்லை. ஆனால் யாரோ நட்ட ரோஜாவும் பழமரங்களும் புல்வெளி நடுவே தழைத்து நிற்கின்றன. இங்கே செம்பவாங்கில் எங்கள் கம்பம் (பழைய கிராமக் குடியிருப்பு) போன பிறகும் பல ஆண்டுகள் காய்த்துக்கொண்டிருந்த ரம்புத்தான் மரம் நினைவுக்கு வந்தது. எங்கள் கம்பத்தையாவது அரசாங்கம் சொல்லிவிட்டு எடுத்தது.

பார்க்க ஒன்றுமில்லாத ஊரா இது? அடுத்த முறை பயணத் திட்டம் போடும்போது கட்டுரையாளர் இரண்டு இரவுகளை இங்கே ஒதுக்கட்டும். ஏரி எங்கும் ஓடிவிடாது.

அந்தக் கொள்கலன் காப்பிக் கடையையும் தேடினோம். அங்கே இப்போது பெரிய கண்ணாடிக் கட்டடம். பக்கத்துக் கடையில் குடித்தோம். இங்கே யாரும் காசு வேண்டாம் என்று சொல்லவில்லை; விலையும் நம் ஆர்ச்சர்ட் சாலை விலைதான்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்