பிள்ளைக்கு நிலம் எழுதி வைக்க இத்தனை கட்டணம் வேண்டாம்

மாண்புமிகு தமிழ்நாடு பதிவுத்துறை அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதி வைப்பது), பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) ஆகிய பத்திரங்களுக்கான கட்டண உச்சவரம்பு 2023 ஜூலையில் உயர்ந்தது தாங்கள் அறிந்ததே. முத்திரைத் தீர்வை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆனது, பதிவுக் கட்டணம் 4,000-லிருந்து 10,000 ஆனது. சிறு விவசாயிகளின் நிலத்துக்கு, மதிப்பில் ஒரு சதவீதம் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம் என்ற கணக்கை விட்டுவிட்டு, சிறிய நிலையான கட்டணம் வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. பக்கத்தில் மனை போட்டதில், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு ஏறி 30 லட்சத்துக்கு வந்துவிட்டது. விளைவது என்னவோ அதே நெல்தான். உழுது பயிரிடும் மகன் பெயருக்கு எழுதி வைக்கப் போனார். தீர்வை 30,000, பதிவு 10,000, பத்திரம் எழுதும் கூலி தனி. பழைய வரம்பில் 29,000-த்தோடு முடிந்திருக்கும். அறுவடை முடியட்டும் என்று திரும்பி வந்தார். அறுவடைக்கு முன்பே இறந்துவிட்டார்.

இன்று பட்டா இறந்தவர் பெயரில் இருக்கிறது. தன் பெயரில் சிட்டா இல்லாததால் அண்ணனுக்குப் பயிர்க்கடன் கிடைக்கவில்லை. உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். பெரியம்மாவும் அக்காமார் இருவரும் தங்கள் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்கத் தயார். அப்படி விட்டுக்கொடுக்கவும் அந்தப் பங்கின் மதிப்பில் ஒரு சதவீதம் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம். யாரும் எதையும் விற்கவில்லை, ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. பிறகு எதன்மேல் இந்த வசூல்?

உச்சவரம்பு இருக்கிறதே என்பீர்கள். கணக்கைப் பாருங்கள் ஐயா. 10 கோடி ரூபாய்ச் சொத்தை ஒரே மகனுக்கு எழுதுபவர் 50,000 கட்டினால் போதும். 10 லட்ச ரூபாய் நிலத்தை எழுதும் விவசாயி 20,000 கட்ட வேண்டும். அவருக்கு 0.05 சதவீதம், இவருக்கு 2 சதவீதம். சிறியவனை அழுத்திப் பெரியவரைக் காக்கும் விதி இது. ஒருவர் இறந்தபின் அவர் சொத்துக்காக வாரிசுகள்மேல் விழுந்த எஸ்டேட் டூட்டி என்ற வரியை 1985-லேயே ஒன்றிய அரசு நீக்கியது. பெரிய சொத்துக்காரருக்கே விலக்கு கொடுத்த நாட்டில் மூன்று ஏக்கர்க்காரன் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

மத்தியில் இருப்பவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 2019 பிப்ரவரி 1-லிருந்து ஐந்தாண்டுக்கு, அந்தத் தேதிக்குப் பின் நிலம் பெயர் மாறியவர்களுக்கு பி.எம். கிசான் உதவி இல்லை, சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்தால் மட்டும் உண்டு என்று விதி எழுதினார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்குக் கொடுத்தால் அது குற்றமா? சரி, அது உங்கள் கையில் இல்லை. பதிவுக் கட்டணம் உங்கள் கையில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் பெற்றோர் பிள்ளைகளுக்கு விவசாய நிலத்தைத் தானமாக எழுதினால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான். உத்தரப் பிரதேசத்தில் குடும்பத்துக்குள் எழுதினால் 5,000. நம்மால் முடியாதா?

ஐந்து ஏக்கர் வரையுள்ள விவசாய நிலம் குடும்பத்துக்குள் மாறும்போது, அது செட்டில்மெண்டோ பாகப்பிரிவினையோ விடுதலையோ, சிறிய நிலையான கட்டணம் மட்டும் வாங்குங்கள். உங்கள் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இதை அறிவிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை