காற்றைத் தடுங்கள், கதவை அடைக்காதீர்கள்

குளிரும் வறட்சியும் சேர்ந்து வாட்டும் நிலங்களில் செம்மறிக் கொட்டகைத் திட்டம் வகுக்கும் கால்நடைத் துறையினருக்கு,

வணக்கம். பனிக்காலம் வந்தால் ஆடு விறைத்துச் செத்துவிடும் என்று அஞ்சி, நான்கு புறமும் அடைத்த கொட்டகை கட்டிக் கொடுக்கிறீர்கள். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் வளர்ந்த செம்மறிக்கு அந்தக் கொட்டகையால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம்.

முழு ரோமத்தோடு வயிறு நிறையத் தின்ற ஆடு, பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி போனாலும் 39 டிகிரி உடல்சூட்டைப் பெரிய சிரமமின்றிக் காக்கும். அதன் ரோமத்தை ஒட்டக் கத்தரித்துவிட்டால், நமக்கு இதமான 25 டிகிரியிலேயே சூட்டுக்காகத் தின்ற சத்தைக் கூடுதலாக எரிக்கத் தொடங்கிவிடும். ஆட்டைக் காப்பது ரோமத்துக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான். பலத்த காற்று அதைக் கலைக்கும், ஈரம் அதை விரட்டும். வறண்ட குளிரை ஆடு தாங்குகிறது. நனைந்த குளிரைத் தாங்குவதில்லை. அடைத்த கொட்டகையிலோ மூச்சும் மூத்திரமும் ஆவியாகிக் கூரையில் படிந்து முதுகில் சொட்டுகின்றன. அம்மோனியா நெடி நுரையீரலைப் புண்ணாக்குகிறது. வறண்ட நிலத்தில் இல்லாத ஈரத்தை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

வெளியே விட்டுப் பாருங்கள். மந்தை காற்றுக்கு முதுகு காட்டி நெருங்கி நிற்கும், கால்களை மடக்கி வயிற்றடியில் வைத்துப் படுக்கும், முன்னங்காலால் பனியைக் கிளறிப் புல் தேடும். கால்களுக்கு இறங்கும் சூடான ரத்தம், திரும்பி வரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுவதால், குளம்பருகே சில்லென்றிருந்தாலும் உள்ளுடல் சூடு குறைவதில்லை. தண்ணீரிலும் அதே சிக்கனம்: கெட்டியான மூத்திரம், உலர்ந்த புழுக்கை, வெளிவிடும் மூச்சின் ஈரத்தில் ஒரு பங்கை மூக்கிலேயே மீட்டுக்கொள்ளும் திறன். மென்பனி கிடந்தால் அதைத் தின்றே தாகம் தணிக்கும். இறுகிய பனிக்கட்டி அதற்கு உதவாது; பாலூட்டும் தாயாட்டைப் பனியை மட்டும் நம்பி விடுவதும் சரியல்ல.

தீவனத்தில்தான் நீங்கள் கைதாராளம் காட்ட வேண்டும். முதல் இரைப்பையில் நொதிக்கும் வைக்கோலும் உலர்புல்லும் ஆட்டுக்குள் எரியும் அடுப்பு. கடுங்குளிரில் இரை குடலை வேகமாகக் கடந்துவிடுவதால், தின்றதில் உடம்பில் சேர்வது குறையும். கோடைக்கால அளவையே பனிக்காலத்திலும் போட்டால் ஆடு தன் கொழுப்பை எரித்து மெலியும்.

குட்டிகளின் நிலை வேறு. அவற்றுக்காகவே இதை எழுதுகிறேன். பனிக்குட நீரில் நனைந்து, சிறிய உடம்போடு பிறக்கிறது குட்டி. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள, சூடு உண்டாக்குவதற்கென்றே அமைந்த பழுப்புக் கொழுப்பை எரித்து முதல் சில மணி நேரத்தைக் கடக்கிறது. அது தீருமுன் சீம்பால் உள்ளே போகாவிட்டால் அந்தக் குட்டி பிழைப்பது அரிது. தாய் நக்கித் துவட்டும்வரை காற்றுப்படாத, வைக்கோல் பரப்பிய ஓரிடம் அதற்குக் கட்டாயம் வேண்டும்.

ஆகவே பெரிய கொட்டகைக்கு ஒதுக்கிய பணத்தை, ஈனும் ஆடுகளுக்கான சிறு அறைகளுக்கும் பனிக்காலத் தீவனக் கையிருப்புக்கும் மாற்றுங்கள். மற்ற ஆடுகளுக்கு உலர்ந்த தரையும், காற்று வரும் பக்கம் இடைவெளி விட்டு அடித்த பலகை வேலியும் போதும். முழுச்சுவரில் மோதும் காற்று மறுபக்கம் சுழன்று விழும். இடைவெளியுள்ள வேலி அதன் வேகத்தைத் தணித்து விடும். ரோமம் கத்தரிக்கும் நாளையும் குளிர் முழுதாகத் தணிந்த பிறகே குறியுங்கள்.

அன்புடன்,
செம்மறிகள்மேல் அக்கறை கொண்ட ஒருவர்