இரவு டியூட்டியில் பக்கத்தில் நிற்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவக் கலந்தாய்வு வந்துவிட்டால் எங்கள் பள்ளத்தூரில் ஒரே பேச்சுதான். 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி என்றால் யோகம், 1954-ல் வந்த மதுரை என்றால் பரவாயில்லை, 2012-ல் வந்த சிவகங்கை என்றால் "அங்கேயா?" என்று ஓர் இழுப்பு. எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சிவகங்கையில் இடம் கிடைத்தது. வாழ்த்த வந்தவர்களே அவளை அழவைத்துவிட்டுப் போனார்கள். முப்பத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் நான். மனசு பொறுக்காமல் எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியை நான் குறைத்துப் பேச மாட்டேன். நான் பயிற்சி பெற்றதே அப்படியோர் இடத்தில்தான். நடுராத்திரி மண்டை உடைந்து வந்தாலும் ஸ்கேன் உண்டு, ரத்தம் உண்டு, ஆபரேஷனுக்கு ஆள் உண்டு. நம் ஊரில் வருஷத்துக்கு ஒன்று பார்க்கும் நோயை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

ஆனால் அதே வார்டில்தான் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவரைப் பார்த்தேன். மண்ணீரல் வீக்கம். காலை ரவுண்ட்ஸில் மாணவர்கள் வரிசையாக வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். ஐந்தாவது ஆள் கை வைத்தபோது ஆச்சி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம், "அம்புட்டுப் பேரும் வயித்தத் தொட்டாக, வலிக்குதான்னு ஒருத்தருங் கேக்கலையே ஆத்தா" என்றார். அவருக்கு எடுக்க வேண்டிய ரத்தம் இரண்டு நாள் எடுக்கப்படவேயில்லை. ஹவுஸ் சர்ஜன் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்) எடுத்திருப்பார் என்று பி.ஜி. (மேல்படிப்பு படிக்கும் டாக்டர்) நினைத்தார், பி.ஜி. சொல்லவில்லை என்றார் ஹவுஸ் சர்ஜன்.

பிறகு ஒரு தாலுகா மருத்துவமனையில் வேலை பார்த்தேன். கடலைக் காட்டில் பாம்பு கடித்த ஒருவரை இரவில் கொண்டுவந்தார்கள். பெயர் பெற்ற கல்லூரியில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த டாக்டர், "லேபுக்கு அனுப்புங்க சிஸ்டர்" என்றார். லேப் பூட்டியாகிவிட்டது. குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவந்த சீனியர், காய்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூப் ஒன்று கேட்டார். பிளாஸ்டிக் உதவாது, கண்ணாடிதான் வேண்டும். அதில் கொஞ்சம் ரத்தம் விட்டு, 20 நிமிடம் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு சாய்த்தார். உறையவே இல்லை, தண்ணீராக ஓடியது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினோம். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைவிட்டு நகராமல் நின்றார் அந்த இளைய டாக்டர். அதற்கப்புறம் இரவு டியூட்டிக்கு வந்தால் அவருடைய முதல் கேள்வியே, "கண்ணாடி டியூப் இருக்கா சிஸ்டர்?" என்பதுதான். நல்ல பிள்ளை. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, கற்றுக்கொண்டார்.

அதனால் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன்: கல்லூரியின் வயதை விட்டுவிடுங்கள். இரவில் ஹவுஸ் சர்ஜனைத் தனியாக விடுகிறார்களா, கூப்பிட்டால் சீனியர் வருகிறாரா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரியுங்கள்.

மேல்படிப்பு மாணவர்கள் 3 மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020-ல் வந்தது. அருமையான விதி. அப்படி வருகிறவர்களை ஆள் பற்றாக்குறைக்கு இட்டு நிரப்பாமல், இரவு டியூட்டியில் அனுபவமுள்ள ஒரு டாக்டருடன் சேர்த்தே போட வேண்டும். சுகாதாரத் துறை இதை உத்தரவாகவே பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.