திவால் மனு: அச்சத்துக்கு முன் அறிதல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையிழப்பும் மருத்துவச் செலவும் அமெரிக்கக் குடும்பங்களைக் கடனில் தள்ளும் காலங்களில், திவால் மனு என்றாலே எல்லாம் பறிபோய்விடும் என்று அஞ்சிப் பலர் ஓய்வூதியச் சேமிப்பை எடுத்துக் கடனட்டைப் பாக்கியைக் கட்டுவது மிகுந்த வருத்தமளிக்கிறது. அந்தச் சேமிப்பில் பெரும்பகுதிக்குச் சட்டமே பாதுகாப்பு அளிக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயத்தின்கீழ், கடனாளியே வைத்துக்கொள்ளச் சட்டம் விலக்களித்த உடைமைகள் போக எஞ்சியவற்றை ஒப்படைத்து, அடமானம் ஏதுமின்றி வாங்கிய கடன்கள் பலவற்றிலிருந்து சில மாதங்களில் விடுபடலாம். நிலையான வருமானம் உள்ளவர்கள் 13ஆம் அத்தியாயத்தின்கீழ் 3 முதல் 5 ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தி, வீட்டுக்கடன் நிலுவையையும் தீர்த்து வீட்டைக் காத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் எவ்வழியிலும் தள்ளுபடியாகாது. மனுவுக்கு முந்தைய 180 நாள்களுக்குள் பெற வேண்டிய கடன் ஆலோசனையை வெறும் சடங்காகக் கருதாமல், வழக்குரைஞரிடம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளும் வாய்ப்பாகப் பயன்படுத்துவதே நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்