பிப்ரவரிக் கச்சேரி

பிலடெல்பியா,
மார்ச் 3.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முட்டி அறுவை நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று வந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இன்னொரு முட்டியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதே. திண்ணையில் மறுபடி பிள்ளைகள் வந்து சரளி வரிசை பாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். காலை நீட்டிக்கொண்டே சொல்லிக்கொடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு இரவு வேலை போய்ப் பகல் வேலை வந்துவிட்டது. பெரியவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அவள் அறையைத் தாண்டும்போதெல்லாம் நம் திருச்சி விடுதி அறைதான் ஞாபகம் வருகிறது. பனி இந்த வருஷம் போதும் போதும் என்றாகிவிட்டது.

சின்னவள் வயலினில் இப்போது என்ன வாசிக்கிறாள் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். இரண்டு வாரமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன், உன்னிடம்தான் கொட்ட வேண்டும்.

அவள் போவது இந்தப் பேட்டை மக்களுக்கான இசைப்பள்ளி. பெரிய வித்வான்களை உருவாக்குகிற கல்லூரி இல்லை. நாலு வயசுக் குழந்தையும் எழுபது வயசுத் தாத்தாவும் ஒரே மாடிப்படியில் ஏறி வருகிற இடம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் இப்படி ஒரு வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. 1908இல் தெற்கு பிலடெல்பியாவில், கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இரண்டு இளம் பெண்கள் ஐந்து சென்ட்டுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அது வளர்ந்து செட்டில்மென்ட் மியூசிக் ஸ்கூல் ஆனது, இன்றும் நடக்கிறது. உன் திண்ணை மாதிரிதான் அதுவும் ஆரம்பித்திருக்கிறது.

பிப்ரவரி இங்கே கறுப்பின வரலாற்று மாதம். கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்று அறிஞர் 1926இல் அதை ஒரு வாரமாகத்தான் தொடங்கினார். லிங்கனின் பிறந்தநாளும், அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அடிமைமுறைக்கு எதிராக முழங்கிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளும் வருகிற வாரம். ஐம்பது வருஷம் கழித்து 1976இல் அது மாதமாக அரசின் அங்கீகாரம் பெற்றது. எங்கள் பள்ளியில் அந்த மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் பயிற்சிப் பட்டறை, கடைசியில் ஒரு கச்சேரி. போன இரண்டு வருஷமும் நான் சின்னவளை வாசலில் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. இந்த வருஷம் பனி கொட்டியதில் வண்டியை எடுக்க முடியவில்லை, உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பட்டறை ஜூபா. ஒரு வாத்தியமும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்த இருபது பிள்ளைகள், எதிரே ஒரு தாளக்காரர், அவ்வளவுதான். உள்ளங்கையால் தொடை, புறங்கையால் மறுபடி தொடை, அப்புறம் மார்பு, கன்னம், குதிகால். மெதுவாக ஆரம்பித்துக் காலம் கூட்டிக்கொண்டே போனார். கும்மியில் நாம் கையைத் தட்டுவோம், இங்கே உடம்பே மத்தளம். சின்னவளுக்குத் தொடை சிவந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. இது எப்படி வந்தது என்று பிறகு அவர் சொன்னார். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், பறையடித்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். அடுத்த வருஷமே அங்கே சட்டம் வந்துவிட்டது, அடிமைகள் பறையும் கொம்பும் வைத்திருக்கக் கூடாதென்று. தோல் கருவியைப் பிடுங்கிக்கொண்டார்கள், தாளம் உடம்புக்குள் போய்விட்டது. அவர் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, தொடையைத் தட்டிக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு பாட்டியம்மா வந்தார். நாற்பது வருஷமாகத் தேவாலயப் பாடற்குழுவை நடத்துகிறவர். பிள்ளைகள் கையிலிருந்த தாள்களையெல்லாம் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அவர் ஒரு அடி பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாட வேண்டும். நம் பாட்டு சார் சொல்லிக்கொடுத்த மாதிரியே, காதால்தான் பாடம். ஸ்பிரிச்சுவல் என்று சொல்கிற அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்கள். நாஷ்வில் நகரத்தில் ஃபிஸ்க் என்று ஒரு பள்ளி, விடுதலையானவர்களுக்காகத் தொடங்கியது. மூடுகிற நிலைமைக்கு வந்தபோது 1871இல் ஒன்பது மாணவர்கள் ஊர் ஊராகப் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள், அவர்களில் அடிமையாகப் பிறந்தவர்களும் இருந்தார்கள். முதலில் இந்தப் பாடல்களை மேடையில் பாடவே அவர்களுக்கு மனசில்லையாம். அம்மா அப்பா கண்ணீரோடு பாடியதை டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் எப்படிப் பாடுவது என்ற தயக்கம். கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் பாடினார்கள். பிறகு மேடையேறின அந்தப் பாடல்கள் பள்ளியையும் காப்பாற்றின, கட்டடமும் எழுப்பின, கடல் தாண்டி விக்டோரியா ராணி முன்னாலும் ஒலித்தன. அந்தத் தயக்கத்தைப் பாட்டியம்மா பிள்ளைகளிடம் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாட்டைப் பாடு, ஆனால் அது யார் வீட்டுச் சொத்து என்று தெரிந்துகொண்டு பாடு என்றார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சின்னவள் வாசிப்பது ‘அடோரேஷன்’ என்ற சின்ன உருப்படி, நாலு நிமிஷம்கூட வராது. ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற அம்மா 1951இல், தேவாலயங்களில் வாசிக்கிற ஆர்கனுக்காக எழுதியது, இப்போது வயலினுக்கு மாற்றி எல்லோரும் வாசிக்கிறார்கள். வேகம் கிடையாது, வித்தை காட்ட இடமும் கிடையாது. வில்லை ஒரே நிதானத்தில் இழுத்தால்தான் நிற்கும். முதல் மாதம் வில் நடுங்கி நடுங்கி, சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கை வலித்தது.

இந்தப் பெண்மணியைப் பற்றிக் கேள். 1887இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தார், அப்பா பல் மருத்துவர், அம்மா இசை ஆசிரியை. தெற்கில் கறுப்பர்களை அடித்துக் கொல்கிற கொடுமை முற்றியபோது 1927இல் குடும்பத்தோடு சிகாகோவுக்கு வந்தார். கணவரைப் பிரிந்து இரண்டு பெண்களை வளர்த்தார். ஊமைப் படங்களுக்குத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தார், வானொலி விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டார், பிள்ளைகளுக்குப் பாடத்துக்கான பியானோ உருப்படிகள் ஏராளமாக எழுதினார். அதற்கு நடுவே பெரிய இசைக்குழு வாசிக்கிற முழு சிம்பொனியும் எழுதினார். அது 1932இல் போட்டியில் முதல் பரிசாக 500 டாலர் வாங்கியது. 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி இசைக்குழு அதை வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியைப் பெரிய இசைக்குழு ஒன்று வாசித்தது அதுவே முதல் தடவை. அதன் மூன்றாம் பகுதிக்குப் பெயர் என்ன தெரியுமா? ஜூபா நடனம். பறையைப் பிடுங்கி இருநூறு வருஷத்துக்குள் அந்தத் தாளம் சிம்பொனி மேடைக்கு வந்துவிட்டது, ஆப்பிரிக்க முரசுகளோடு. சின்னவள் அதை யூடியூபில் கேட்டுவிட்டு, “அம்மா, இது நான் தொடையில் தட்டினதுதான்” என்று ஓடி வந்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு பெரிய இடங்கள் பிரைஸுக்குக் கதவைத் திறக்கவில்லை. 1943இல் பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எனக்கு இரண்டு தடைகள், ஒன்று பெண்ணாகப் பிறந்தது, இன்னொன்று என் இனம் என்று வெளிப்படையாகவே சொல்லி, இசையை மட்டும் பார்த்துத் தீர்மானியுங்கள் என்று கேட்டார். அந்த நடத்துநர் ஒன்றையும் வாசிக்கவில்லை. 1953இல் பிரைஸ் இறந்துபோனார். 2009இல் இலினாய் மாநிலத்தில் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் ஒரு தம்பதி பாழடைந்த வீட்டைப் புதுப்பிக்கப் போனார்கள். மரம் சாய்ந்து கூரையில் ஓட்டை விழுந்த வீடு, உள்ளே யார் யாரோ புகுந்து சூறையாடியிருந்தார்கள். நனையாத ஒரு மூலையில் கட்டுக்கட்டாகக் காகிதம். எல்லாம் பிரைஸின் கையெழுத்து. வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற இரண்டு கான்செர்ட்டோக்கள், நாலாவது சிம்பொனி, இன்னும் எவ்வளவோ. அது அவர் கோடையில் வந்து தங்கிய வீடு. மழை கொஞ்சம் இந்தப் பக்கம் பெய்திருந்தால் எல்லாம் கூழாகியிருக்கும். அவ்வளவு பெரிய இசைக்குழு வாசித்த ஒருவருக்கு இந்தக் கதி. அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார். கச்சேரி ஆரம்பித்ததும் சபை மொத்தமும் எழுந்து நின்று ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ பாடியது. கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதம் போலப் போற்றுகிற பாட்டு. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுத, அவர் தம்பி இசையமைத்தார். 1900 பிப்ரவரி 12 அன்று புளோரிடாவில் ஜாக்சன்வில் ஊரில் 500 பள்ளிப் பிள்ளைகள் முதலில் பாடினார்கள். அண்ணனும் தம்பியும் அதன்பின் நியூயார்க் போய்விட்டார்கள், பாட்டை மறந்தும் போனார்கள். பிள்ளைகள் மறக்கவில்லை. வேறு பள்ளிகளுக்குப் போய்ப் பாடினார்கள், வளர்ந்து ஆசிரியர்களாகித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் தெற்கு முழுக்கப் பரவிவிட்டது. சிம்பொனி பெட்டிக்குள் கிடந்தது, பிள்ளைகள் வாயில் இருந்த பாட்டு பிழைத்துக்கொண்டது. நீ திண்ணையில் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. வார்த்தை தெரியாமல் நானும் எழுந்து நின்றேன். பக்கத்தில் நின்றவர் தன் தாளை எனக்கும் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்தார்.

அவர் ஒரு தாத்தா, பேரன் செல்லோ கற்கிறான். இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய அம்மாவுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது, ஈஸ்டர் ஞாயிறு அன்று அக்கம்பக்கத்தவரெல்லாம் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடகி மரியன் ஆண்டர்சனின் பாட்டைக் கேட்டார்களாம். 1939 ஏப்ரல் 9. வாஷிங்டனில் ஒரு சங்கம் கறுப்பினப் பெண் என்பதால் தன் அரங்கைத் தர மறுத்தது, அப்போதைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார். கடைசியில் மரியன் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் திறந்தவெளியில் பாடினார், எதிரே 75,000 பேர். அன்று பாடியவற்றில் ஒன்று பிரைஸ் இசையமைத்துக் கொடுத்த ஸ்பிரிச்சுவல் என்று தாத்தா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மரியன் ஆண்டர்சன் இந்த ஊர்ப் பெண், 1897இல் தெற்கு பிலடெல்பியாவில் பிறந்தவர். இளம் வயசில் இங்கே ஓர் இசைப்பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கப் போனார். ஜன்னலில் இருந்த பெண் மற்ற எல்லோரையும் கவனித்து அனுப்பிவிட்டு, கடைசியில் இவரைப் பார்த்துக் கறுப்பர்களை எடுப்பதில்லை என்று சொன்னாள். தேவாலயத்து ஏழை ஜனங்கள்தான் காசு சேர்த்து அவரைப் படிக்க வைத்தார்கள். 1957இல் ஆசிய நாடுகளில் பாடிக்கொண்டே வந்தவர் இந்தியாவுக்கும் வந்து, டெல்லியில் காந்தி நினைவிடத்தில் பாடினார். 2024இல் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற பெரிய அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதே ஆர்கெஸ்ட்ரா பிரைஸின் சிம்பொனிகளைப் பதிவு செய்து கிராமி விருதும் வாங்கியிருக்கிறது. தாத்தா இதைச் சொல்லிவிட்டு, “என் அம்மா அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும்” என்றார். அதற்கு நான் என்ன சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சின்னவள் நன்றாகவே வாசித்தாள். நடுவில் ஓரிடத்தில் வில் நழுவியது, நிறுத்தாமல் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் பட்டறைப் பாட்டியம்மா முன் வரிசையிலிருந்து “ம்ம்” என்று ஒரு சத்தம் கொடுத்தார், நம் ஊரில் “பலே” சொல்வோமே அப்படி. கைதட்டலைவிட அதைத்தான் இவள் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

பதிவை வாட்ஸ்அப்பில் இன்றே அனுப்புகிறேன். நோட்டேஷனையும், உன் முட்டிக்கு ஒரு கம்பளி உறையையும் பார்சலில் போட்டிருக்கிறேன். கேட்டுப் பார்த்து, அந்த மெட்டைச் சுரப்படுத்தித் திண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாயா? அவர்கள் பாடுவதைச் சின்னவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பாட்டியம்மாவுக்கும்தான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து எப்போதும் தூங்குகிற பையன் என்று எழுதியிருந்தாயே, அவன் பெயரை மறக்காமல் எழுது. அவனுக்கென்று ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன், அளவும் வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழி