சிறு விமானம் ஓட்ட விரும்பும் பிள்ளைகளுக்காக: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் ‘பிளைவுட், கீல், ஸ்பிரிங்’ என்று ஒரு வரி வரும். அது யார் வீட்டு அலமாரிக்கும் போகவில்லை, விளக்கம் கீழே இருக்கிறது.

நங்கநல்லூர், பழவந்தாங்கல் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் ஓர் அதிசயமே இல்லை. சத்தத்தை வைத்தே ஏர்பஸ்ஸா, ஏடிஆரா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ‘நீ ஓட்டக் கத்துக்கிறியா?’ என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள். அது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த பாடம். பணம் தடைதான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் பணத்துக்கு வந்து சேரும் முன்பே தகவல் இல்லாமல் வழியிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் அதிகம். சங்கம் இந்த ஆண்டு கை வைத்தது அங்கேதான்.

2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை நடத்திய சாகசத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைத் தொடங்கினோம். போர் விமானத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். நாம் பேச்சைச் சிறு விமானத்துக்குத் திருப்பினோம். எந்த விமானியாக இருந்தாலும் முதலில் ஏறி உட்காருவது ஒற்றை இன்ஜின் வைத்த இரண்டு அல்லது நான்கு இருக்கை விமானத்தில்தான்.

முதல் வகுப்பில் நம் ஊர்க் கதையையே சொன்னோம். 1910இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தானே ஒரு விமானத்தை வடிவமைத்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றை இன்ஜின் விமானத்தில் தபால் மூட்டையுடன் வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அப்புறம் உஷா சுந்தரம். 1949இல் பெங்களூர் ஜக்கூரில் பயிற்சி முடித்து, கணவர் கேப்டன் சுந்தரத்துடன் டவ் என்ற சிறு விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர். இதற்கெல்லாம் அசையாத பிள்ளைகள், தெருநாய்க்கு அடிபட்டால் நாம் கூப்பிடுகிறோமே, அந்த ப்ளூ கிராஸைத் தொடங்கியவர்களும் இவர்கள்தான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிறு விமானத்தோடு தொடங்கிய ஊர் இது. இன்று மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களுக்கே வரிசை, கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டியிருக்கிறது.

இப்போது பிளைவுட் கணக்கு. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் மென்பொருளை ஏற்றினோம். கைக்கு ஜாய்ஸ்டிக் கிடைத்துவிட்டது. வாலில் இருக்கும் சுக்கானைக் காலால் திருப்பும் ரட்டர் பெடல் மட்டும் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. நம் உறுப்பினரான தச்சர் அண்ணன் பிளைவுட்டில் இரண்டு பெடல் செய்து, ஸ்பிரிங் வைத்து, பழைய ரேடியோ வால்யூம் குமிழ் ஒன்றை உள்ளே பொருத்திக் கொடுத்தார். மிதித்தால் கிரீச்சென்று கத்தும், ஆனால் வேலை செய்கிறது.

இந்தப் பெடல் இல்லாவிட்டால் ஒரு முக்கியமான பாடம் போயே போயிருக்கும். செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைப் பயிற்சி விமானத்தில், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் சுழன்று தள்ளும் காற்று விமானத்தைச் சுற்றிக்கொண்டே போய் வாலின் இடது பக்கத்தில் அடிப்பது அதற்கு ஒரு காரணம். வலது காலை அழுத்தினால்தான் ஓடுதளத்தின் நடுக்கோட்டில் நிற்கும். வந்த பிள்ளைகள் எல்லாரும், வீடியோ கேமில் புலிகள் உட்பட, முதல் தடவை புல்லில்தான் இறங்கினார்கள். விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற நம் சார் பின்னால் நின்றுகொண்டு, ‘வலது கால்மா, வலது கால்! கையை விடு, அது கார் ஸ்டீயரிங் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்து நேராக ஓட்டிவிட்டாள். ‘செருப்போட இருந்தா எவ்ளோ அழுத்துறேன்னு தெரியல சார்’ என்றாள். அதன் பிறகு எல்லாரும் வெறுங்கால்தான்.

மொட்டை மாடி வகுப்புக்குச் செலவே இல்லை. சென்னை விமான நிலையத்தின் வானிலைச் செய்தி அரை மணிக்கு ஒருமுறை வருகிறது. வி.ஓ.எம்.எம். என்று நம் நிலையத்தின் குறியீட்டில் தொடங்கும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை நாட் வேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் எல்லாம் அந்த ஒற்றை வரியில் அடக்கம். மே மாதம் காலையில் 270 என்று மேற்குக் காற்றைக் காட்டிய செய்தி, கடல்காற்று நுழைந்ததும் 120 என்று மாறியது. கொஞ்ச நேரத்தில் நம் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த விமானங்கள் நின்று, ஏறுகிற விமானங்கள் வர ஆரம்பித்தன. எதிர்க்காற்றில் இறங்குவது, ஏறுவது என்பதையும், பெரிய ஓடுதளத்துக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று ஏன் எழுதியிருக்கிறது என்பதையும் கரும்பலகை இல்லாமலே புரிந்துகொண்டார்கள். திசைமானி காட்டும் 070, 250 பாகைகளில் கடைசிப் பூஜ்ஜியத்தை விட்டால் அந்த எண்கள்.

ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்துக்குப் பிறகு வகுப்புகள் காலியாயின. அம்மாக்கள் அனுப்பவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில வாரம் கழித்துப் பெற்றோரையே அழைத்து உட்கார வைத்துப் பேசினோம். ஓர் அம்மா நேராகக் கேட்டார்: ‘சின்ன பிளேன்ல ஒரே இன்ஜின்தானே சார், அது நின்னா பொத்துனு விழுந்துடாதா?’ வாரண்ட் ஆபீசர் சார் சுற்றி வளைக்கவில்லை. ‘விழாதும்மா, சறுக்கிக்கிட்டு வரும்’ என்றார். செஸ்னா 172 ஒரு அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னால் போகும். 5,000 அடியில் இன்ஜின் நின்றால், காற்றில்லாத நாளில், மீனம்பாக்கத்தின் மேலிருந்து மெரினா கலங்கரை விளக்கம் வரை போய்விடலாம். அந்த நேரத்துக்குள் வயலோ, காலி நிலமோ பார்த்து இறக்குவதைத் தனியாகப் பறக்க விடும் முன்பே திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை, அதனால்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வராதவர்களை நாம் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட்டில் வேன் வைத்துச் சேலம் போனோம். காமலாபுரத்தில் விமான நிலையத்தோடு இயங்கும் பயிற்சிப் பள்ளியில் முன் அனுமதி வாங்கி, விமானங்களை நிறுத்தும் ஹாங்கர் வரை பார்த்தோம். பயிற்சி மாணவர் ஒருவர் பறக்கும் முன் விமானத்தைச் சுற்றி வந்து இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். வெளிர்நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் கனம் அதிகமாதலால் அடியில் முத்து முத்தாக நிற்கும். மழைக்காலத்தில் இரவு முழுதும் வெளியே நின்ற விமானத்தில் அப்படி நிற்பதுண்டு, தெளிவாகும் வரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பைக்குக்குப் பெட்ரோல் போடும்போது மீட்டரைக்கூடப் பார்க்காத நம் கல்லூரிப் பையன்கள் அந்தக் குவளையை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

இனி சேர்க்கை விஷயம். இதை விரிவாகவே எழுதுகிறேன், சங்கத்துக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். இன்றைய விதிப்படி பத்தாம் வகுப்பு தேறி 16 வயது ஆனால் மாணவர் லைசென்ஸ் எடுக்கலாம். தனியார் விமானி லைசென்ஸுக்கு 17 வயது, குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமானால் கமர்ஷியல் லைசென்ஸ்: 18 வயது, 200 மணி நேரம், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடத்தைத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதிக்கொள்கிறார்கள். நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள் என்று மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகள் தனி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 வேண்டும். கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்பது வெறும் வதந்தி. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல்.

செலவு எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்தைத் தொடுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, அதைத்தான் ஏஜெண்டுகள் யாரும் முதலில் சொல்வதில்லை: மெடிக்கல். டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 என்ற உடல் தகுதிப் பரிசோதனையை முடித்துவிட்டு, அப்புறம் பணப் பேச்சுக்குப் போங்கள். நம் பகுதியில் ஒரு குடும்பம் ‘சீட்டு போய்விடும்’ என்ற அவசரத்தில் ஓர் ஏஜெண்டிடம் முன்பணம் கட்டியது. பிறகு மெடிக்கலில், நிறக்குருடு சோதனையின்போது புள்ளி வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் பையனால் படிக்க முடியவில்லை. முன்பணம் இன்றுவரை திரும்பவில்லை. எல்லாரும் அவனிடம் அப்துல் கலாம் விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்த கதையைச் சொன்னார்கள். அவனுக்கு அதில் எரிச்சல்தான் வந்தது, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இப்போது விமானப் பராமரிப்புப் படிப்பு பற்றி அவனே விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

அதே போல ‘வேலை கேரண்டி’ என்று நோட்டீஸோடு நம் கூட்டத்துக்கே வந்தார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். பயிற்சிப் பள்ளிகளை டி.ஜி.சி.ஏ. இப்போது தரவரிசைப்படுத்தி ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடுகிறது. அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் ஏ பிளஸ், ஏ ஆகிய இரண்டு வகுப்பிலும் ஒரு பள்ளிகூட இல்லை. நோட்டீஸில் ‘நம்பர் ஒன்’ என்று போட்டிருந்தால் அந்தப் பட்டியலை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

பணம் இல்லாத பிள்ளைக்கு இன்று எட்டும் கதவு என்.சி.சி. ஏர் விங்தான். கேடட்டுகளை மைக்ரோலைட் என்ற மிகச் சிறு விமானத்தில் பயிற்றுநரோடு மேலே கூட்டிப் போகிறார்கள். காசு கிடையாது. ஏர் விங் உள்ள பள்ளி, கல்லூரிகள் குறைவு என்பதால் சேர்க்கையின்போதே கேட்டு வைப்பது நல்லது. அமெரிக்காவில் 1992 முதல் யங் ஈகிள்ஸ் என்ற திட்டத்தில், சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிச் செல்கிறார்கள். இதுவரை 20 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பறந்திருக்கிறார்கள். நம் சங்கத்தில் சொந்த விமானம் வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

பெண் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் இது ஐந்தாறு சதவீதம்தான். நம் வகுப்பிலும் கடைசி வரை நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. சிமுலேட்டர் நாற்காலியைப் பையன்கள் விட்டுக்கொடுப்பதில்லை என்று புகார் வந்ததால் சுவரில் டோக்கன் பலகை மாட்டியிருக்கிறோம்.

டிரோன் வகுப்பு தொடங்கி இரண்டு வாரத்தில் நின்றது. விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பறக்கவிட அனுமதி இல்லை என்பதால் அது ஏட்டுப் படிப்பாகவே முடிந்துவிட்டது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று காரியங்களைப் பரிந்துரைக்கிறது. தகுதியுள்ள, வசதியில்லாத இரண்டு பிள்ளைகளுக்குக் கிளாஸ் 2 மெடிக்கல் கட்டணத்தைச் சங்கமே ஏற்பது. டி.ஜி.சி.ஏ. பாடப் புத்தகங்களுக்கு நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்குவது. பெடலுக்கு எண்ணெய் விடுவது, அல்லது நல்லதாக ஒன்று வாங்குவது. இந்தக் கடைசிக் காரியத்தில் தச்சர் அண்ணனுக்கு ஆட்சேபம் இருப்பதையும் பதிவு செய்கிறேன்.

வகுப்புக்கு மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர் அம்மாவுக்கும், சேலம் வரை பொறுமையாக வேன் ஓட்டிய தம்பிக்கும், வாரண்ட் ஆபீசர் சாருக்கும் சங்கத்தின் நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரை இன்றே பார்த்துவிடவும். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
நங்கநல்லூர், சென்னை