அந்தப் பேனாவைத் தேய்க்க விடாதே

அன்புள்ள மைக்கூடு,

நலம். நீயும் நலமென்று உன் கிறுக்கெழுத்தே சொல்கிறது. நெட்டையனின் மகள் கல்யாணம், உன் முட்டிவலி எல்லாம் அப்புறம் பேசலாம். உன் தம்பி அப்பாவின் பேனாவை மெருகேற்றக் கொடுத்துவிட்டு, பிறகு நகைக்கடையில் எடை போட்டு விலை கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் வேறு வேலை ஓடவில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை அவனை அதைத் தொட விடாதே.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரிகிறது, மீதியெல்லாம் கூட்டுக்குள். அம்பு மாதிரி கிளிப். அது பார்க்கர் 51, சந்தேகமே வேண்டாம். கம்பெனியின் 51ஆவது ஆண்டில் உருவாக்கி முடித்ததால் அந்தப் பெயர். கடைகளுக்கு வந்தது 1941இல். நிப்பை ஏன் மறைத்தார்கள் தெரியுமா? அதற்கென்றே சட்டென்று உலரும் மை ஒன்றைத் தயாரித்தார்கள். திறந்த நிப்பாக இருந்தால் அதிலேயே காய்ந்துபோகும். அந்த மையின் காரம் பழைய பேனாக்களின் செல்லுலாய்டு பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதால்தான் உடலை லூசைட் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்தார்கள். ஒரு மைக்காக ஒரு பேனாவையே புதிதாக யோசித்திருக்கிறார்கள்! இதை நினைத்தால் எனக்கு இன்னும் உற்சாகம் அடங்கவில்லை.

இப்போது வயது. பின்பக்கச் சிறு மூடியைத் திருகிக் கழற்றியிருக்கிறாய், உள்ளே அழுத்தும் பொத்தான் இருக்கிறது. அது வேக்குமேட்டிக் வகை, அதாவது பொத்தானை அழுத்தி மை நிரப்புவது. 1948இல் அதற்குப் பதிலாக ஏரோமெட்ரிக் என்ற நிரப்பும் வகை வந்தது. அதில் உடலைக் கழற்றினால் உலோக உறைக்குள் மைப்பை இருக்கும். உடலில் பொறித்த வரியில் '6' என்ற எண் எனக்குத் தெரிகிறது. அது ஆண்டின் கடைசி இலக்கம். பொத்தான் வகை என்பதால் 1956 ஆக முடியாது, 1946தான். கிளிப்பில் நீல நிற வைர வடிவக் குறி இருக்கிறதே, அதுவும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது. மூடியை மாற்றிப் போட்ட பேனாக்கள் ஏராளம், உன்னுடையது அப்படித் தெரியவில்லை.

இன்னும் நுணுக்கம் உண்டு. அந்த எண்ணைச் சுற்றிப் புள்ளிகள் இருக்கும். வருடத்தின் முதல் மூன்று மாதத்துக்கு மூன்று புள்ளி, அப்புறம் காலாண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசிக் காலாண்டில் புள்ளியே இல்லை. இந்த எழுத்துதான் மெருகுச் சக்கரத்தில் முதலில் அழியும். பளபளப்பு வரும், அடையாளம் போய்விடும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

எடை விஷயம் சுத்த அபத்தம். நிப் பதினான்கு காரட்தான், ஆனால் கடுகளவு தங்கம். மூடி முழுத் தங்கமல்ல, பித்தளைமேல் ஏற்றிய தங்கத் தகடு. விலை என்பது நிலை, நிறம், எழுத்தின் தெளிவு, ஒழுங்காக மை நிரம்புவது, இவற்றில் இருக்கிறது. உன் பேனாவின் சாம்பல் நிறம் நிறையவே கிடைக்கும், நாசாவ் பச்சை என்ற நிறம் போல அரிதல்ல. ஆகவே பெரிய புதையல் என்று தம்பிக்கு ஆசை காட்டாதே. விற்பவன் கேட்கும் விலையை நம்பாமல், இதே நிலையில் இருந்த பேனா உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று தேடச் சொல்.

உள்ளே ரப்பர் சவ்வு இறுகிப்போயிருக்கும். பொத்தானை வலுக்கட்டாயமாக அழுத்தாதே. சவ்வு மாற்றுவது தெரிந்தவர்களுக்குச் சாதாரண வேலை. முன்பகுதியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்கலாம். வெந்நீர் கூடாது, ஸ்பிரிட் கூடவே கூடாது, லூசைட் விரிசல் விடும்.

ஒன்று சொல்லத்தான் வேண்டும். உடலில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறதே, அதனால் சந்தை விலை குறையும். அதைத் தேய்த்து எடுக்கச் சொல்லித்தான் உன் தம்பி அவசரப்படுகிறான் என்று நினைக்கிறேன். அவர் நமக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த பேனாடா அது. அந்தப் பெயரை அழித்துவிட்டு யாருக்கு விற்கப் போகிறீர்கள்? பணம் அவ்வளவு தேவையென்றால் வெளிப்படையாகச் சொல், அது வேறு பேச்சு, நான் இருக்கிறேன்.

பூதக்கண்ணாடி எடுத்து, சாய்வெளிச்சத்தில் அந்த ஆறைப் பார். எத்தனை புள்ளி என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்